குதிரை பேனர்

“குதிரை முந்துது!” என்று கத்தினார் புரோகிராமர்.

மூவர் நாற்காலியிலிருந்து எழாமலேயே உருட்டிக்கொண்டு அவர் திரைக்கு முன்னால் வந்து மோதினார்கள்.

காணாமல்போனவர்களைத் தேடித்தரும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. நன்கொடை கேட்டு இன்று காலைதான் இணையதளத்தில் இரண்டு பேனர்களை ஏற்றியிருந்தார்கள். தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று தெரியும், மீதிப் பேருக்கு மற்றது. எதைப் பார்த்து அதிகம் பேர் கொடுக்கிறார்களோ, அதுதான் ஆண்டு முழுக்க ஓடும்.

முதலாவது சிவப்பு. முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ஒரு பெண். ‘ஒரு தாயின் கண்ணீரைத் துடையுங்கள்.’ டிசைனரின் செல்லப்பிள்ளை.

இரண்டாவது, உருண்டு வந்த மூவரில் ஒருத்தியுடையது. நிறுவனத்துக்கு வாசகம் எழுதுவதுதான் அவள் வேலை.

ராட்டினத்தின் மரக்குதிரை மேல் ஒரு சிறுவன். நிறம் மங்கிய பழைய படம். கீழே ஒரே வரி: ‘இன்று பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் இவன் இருக்கலாம்.’

“அழுகாச்சி இல்லாம எவன் பர்ஸைத் திறப்பான்?” என்று நேற்று மாலை வரை டிசைனர் அவளைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தை நடத்தும் மேடம் மட்டும் ஒன்று கேட்டார். “பையன் வீட்டுல சொல்லிட்டியா?”

“சொல்லியாச்சு மேடம். முழுச் சம்மதம்.”

இந்த முறையும் பணம் சேராவிட்டால் தேடும் பிரிவை மூடிவிடுவது என்று மேலிடத்தில் பேச்சு. அதனால்தான் கணக்குப் பார்க்கும் அம்மாள்கூடத் தன் வேலையை விட்டுவிட்டுத் திரையில் ஏறும் இரண்டு கோடுகளையும் பந்தயம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்புக் கோடு கொஞ்ச தூரம் ஏறி, மூச்சு வாங்கி நின்றது.

குதிரை நிற்கவில்லை.

ஒவ்வொரு நன்கொடைக்கும் கணினி ‘டிங்’ என்றது. டிங் என்றால் அறை முழுக்க ஒரு ஆரவாரம். பக்கத்து அலுவலகத்துக்காரர் கதவைத் தட்டி, என்ன மேட்ச் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் டிசைனர் கட்சி மாறிவிட்டார். “நான் அப்பவே சொன்னேன்ல, குதிரைதான்னு?”

அவர் மேல் யாரோ காகிதத்தைச் சுருட்டி எறிந்தார்கள்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேர் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்கிறார்கள். அது போதும் என்றிருந்தது.

அப்போதுதான் புரோகிராமரின் நெற்றி சுருங்கியது.

ஒரு ஆள் மட்டும் காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருக்கிறார். முதலில் போனில் தளத்தைத் திறந்து குதிரையைப் பார்த்திருக்கிறார். பிறகு அதே இணைப்பில் கணினியில் வந்தார். கணினியில் சிவப்பு தெரிந்திருக்கிறது. குதிரை வரும்வரை பக்கத்தைத் திறந்து மூடி, திறந்து மூடி, வந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். நன்கொடைப் பொத்தானைத் தொடவே இல்லை.

“மனுஷனே இல்ல, ஏதோ மெஷின். நம்ம கணக்கைக் கெடுக்குது. பிளாக் பண்ணிடறேன்.”

“இருங்க.”

அவள் குரல் எழும்பியதில் அவர் கையை எடுத்துவிட்டார்.

அவள் மேசையில் உதவிப் பெட்டி திறந்து கிடந்தது. தளத்துக்கு வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் பதில் எழுதுவதும் அவள்தான். அதில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘மன்னிக்கணும். நான் பணம் கட்ட வரல.’

அவள் நின்றபடியே தட்டினாள். ‘பரவாயில்லை, சொல்லுங்க.’

‘அந்தக் குதிரைப் படம் முழுசா இருக்கா?’

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

‘ஏன் கேக்கறீங்க?’

எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன.

பின்னால் ஒரு டிங். ஒரு கைதட்டல்.

‘பக்கத்தை வெட்டிட்டீங்கன்னு நினைக்கறேன். அந்தப் பக்கம் இன்னொரு குதிரை இருக்கணும். அதுல ஒரு பொண்ணு. முன்பல் ரெண்டும் விழுந்திருக்கும். போட்டோ எடுக்கறப்ப கையால வாயை மூடிக்குச்சு. நான் பாத்துச் சிரிச்சேன்னு என் தலையில குட்டு வச்சுது. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்குச் சின்ன வயசுல ஞாபகம் இருக்கறதே அது ஒண்ணுதான். பேரு, ஊரு எதுவும் தெரியாது. கனவா இருக்கும்னு நினைச்சுட்டிருந்தேன்.’

“சிவப்பை இறக்கிடலாம்! குதிரை ஜெயிச்சாச்சு!” என்று மேடமே கூவினார். யாரோ வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் திரும்பவில்லை.

படத்தின் மறுபாதியை அந்த அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டிலேயே வெட்டி, பையனை மட்டும்தான் டிசைனரிடம் கொடுத்திருந்தாள்.

இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு அனுப்புவதற்கென்று நிறுவனம் ஒரு பதில் வைத்திருந்தது. ‘தங்கள் விவரங்களைப் பதிவு செய்யவும், எங்கள் குழு தொடர்புகொள்ளும்.’ அதைக் கொண்டுவந்து ஒட்டினாள். அழித்தாள்.

விரல்கள் எழுத்துகளைத் தப்புத் தப்பாகத் தொட்டன. திருத்தி, மறுபடி திருத்தி, அனுப்பினாள்.

‘அந்தப் பல்லெல்லாம் எனக்கு எப்பவோ முளைச்சிடுச்சுடா.’