தடங்கல் இல்லாத ஒளிபரப்பு

மனைவியின் அழைப்பை மறுபடியும் துண்டித்துவிட்டுத் திரையைப் பார்த்தார் பொறியாளர். கால்பந்து இறுதி ஆட்டம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. பல லட்சம் பேர் தடங்கல் இல்லாமல் பார்க்கிறார்கள் என்றது பச்சைக் கோடு.

சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. சேனலின் வீடியோவை வீடுகளுக்குக் கொண்டுபோக இத்தனை காலம் வெளிக் கம்பெனியின் சர்வர்களை நம்பியிருந்தார்கள். இனி நம்முடையதே போதும் என்று டைரக்டர் சொல்லிவிட, ஊர் ஊராகப் போய் சொந்தச் சர்வர்களை நிறுவியதில் மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

சோதனைக்காகத் தன் வீட்டை மட்டும் முதலில் அவற்றோடு இணைத்தார். பழைய படங்கள் நிற்காமல் ஓடியதில், மாமனாரிடம் முதல் முறையாக நல்ல பெயர் கிடைத்தது. மற்ற எல்லோரையும் இன்று காலை சொந்தச் சர்வர்களுக்கு மாற்றுவதாக ஏற்பாடு. ஒருவர் மாற்ற, இன்னொருவர் சரிபார்ப்பது அவருக்கும் கூட வேலை செய்யும் பெண்ணுக்கும் வழக்கம்.

"நீங்க மாத்தினப்போ ஒரு குலுங்கல்கூட இல்ல சார்," என்றாள் அந்தப் பெண், கொட்டாவியை அடக்கியபடி.

மாற்றியவள் அவளாயிற்றே, பாராட்டை ஏன் நம் பக்கம் தள்ளுகிறாள் என்று நினைத்தார். கேட்கவும் அலுப்பாக இருந்தது.

இடைவேளையில் டைரக்டர் வந்தார். இந்த ஆட்டம் சொதப்பினால் சேனலின் மானமும் போகும், உங்கள் வேலையும் போகும் என்று காலையிலிருந்து புலம்பியவர், இப்போது தோளைத் தட்டினார். வெளிக் கம்பெனியை நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"சொல்லிடுங்க சார். இனிமே அவங்க எதுக்கு?"

டைரக்டர் அங்கேயே போனில் சொல்லி முடித்தார். இரண்டாம் பாதி தொடங்கும்போது தங்கள் சர்வர்களை அணைத்துவிடுவதாக அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பொறியாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

மனைவி மறுபடி அழைத்தாள். இந்த முறை எடுத்தார். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் படம் நின்று நின்று வருகிறது என்றாள்.

ஊர் முழுக்க இதே கதிதானோ, திரைதான் பொய் சொல்கிறதோ என்று பயந்து, பக்கத்து வீடுகளில் கேட்கச் சொன்னார். இரண்டாம் பாதிக்கு வீரர்கள் மைதானத்தில் இறங்கும்போது, கேட்டுவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள்:

"எல்லார் வீட்டுலயும் நல்லா ஓடுது. நம்ம வீட்டுல மட்டும்தாங்க நிக்குது."