மெல்லிசுக் காகிதம்

“பக்கத்துத் தெருவுல போய்ப் பாருங்க. நீங்க வீடு வீடாப் போட்ட நோட்டீஸ் பூராவும் நடுரோட்டுலதான் கிடக்கு” என்றபடி செருப்பைக் கழற்றினாள் மனைவி.

கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. “எல்லாமேவா?”

“ஒரு வீட்டுக்கு அஞ்சு அஞ்சாச் செருகினா எவன் படிப்பான்? அதுவும் ஊதினாப் பறக்குற மெல்லிசுக் காகிதம். சாக்கடையே அடைச்சு நிக்குது. புதுசாத் தொழில் தொடங்கின லட்சணத்தைப் பாருன்னு சிரிக்கிறாங்க.”

போன் அடித்தது.

“வாங்கிக் கட்டிக்கோங்க” என்று மனைவி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“பக்கத்துத் தெருச் சங்கச் செயலாளர் பேசுறேன். காலடியில கிடந்த உங்க நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன்.”

“சொல்லுங்க சார்.”

“எங்க ஆளுங்களுக்கு வீசத் தெரியும், குனிஞ்சு அள்ளத் தெரியாது. ‘நானா போட்டேன்’னு ஆளாளுக்குக் கேட்கிறாங்க. இன்னைக்கே ஆள் அனுப்பித் தெருவைக் கூட்டித் தர முடியுமா? காசைச் சங்கம் கொடுத்துடும்.”

“குப்பை அள்ளத்தானே சார் கம்பெனியே தொடங்கியிருக்கோம்.”

கணவர் போனை வைத்தார். மனைவி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“அச்சகத்துக்கு. அடுத்த தெருவுக்கு இதைவிட மெல்லிசாக் கிடைக்குமான்னு கேட்டுட்டு வரேன்.”