மாப்பிள்ளைக்கு ஓர் இடம்

கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டான் அவன். பிறகு கதவிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"என்ன பண்றீங்க? எல்லாரும் வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் கோச்.

"இருக்கட்டும் சார். உங்ககிட்ட தனியா பேசணும்."

விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறை அது. ஹெல்மெட்டுகளும் தோள் கவசங்களும் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன; அத்தனையிலும் காயாத வியர்வை வாடை. இருந்த ஒரே ஜன்னலில் பூனை நுழைந்தாலே பெரிய விஷயம். கதவை அடைத்துக்கொண்டு நின்றவனோ ஆறடிக்கு மேல் உயரம், அகலத்தில் பீரோ.

டீமில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கிளப் தலைவரின் வீட்டோட மாப்பிள்ளை. வேலையும் அவருடைய டைல்ஸ் கடையில்தான். தலைவருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். கடை ஆட்கள், லாரி டிரைவர்கள், ஜிம்முக்கு வருகிறவர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் பிடித்துப்போட்டு ஒரு டீம் கட்டி, கடல் கடந்து ஒரு தமிழ்க் கோச்சையும் வரவழைத்திருந்தார். கோச் தங்கியிருக்கும் மாடி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எல்லாம் அவர் தயவு.

அடுத்த வாரம் சீசன் தொடங்குகிறது. இன்று சாயங்காலம் டீமை அறிவித்தாக வேண்டும். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று காலையில்தான் கோச் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். உடம்பு மலை மாதிரி இருந்து என்ன பயன்? எதிராளி மோத வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். முதல் வரிசையில் நின்றுகொண்டு அப்படி மூடினால் கழுத்து போய்விடும்.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேலை போன மனுஷர் அவர். தலைவரைப் பகைத்தால் இதுவும் போகும் என்று தெரிந்துதான் முடிவெடுத்திருந்தார். விஷயம் இவன் காதுக்கு எட்டிவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"முதல்ல கதவைத் திறங்க. வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"திறந்தா மாமா உள்ள வந்துடுவாரு. அவர் முன்னாடி இதைப் பேச முடியாது சார்." விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டான். "நேத்து என் பேர் போட்ட சட்டையை ஹால்ல மாட்டிட்டாரு. கல்யாண போட்டோவைக் கழட்டிட்டு அந்த ஆணியிலயே மாட்டியிருக்காரு. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும், எங்க மாப்பிள்ளை முதல் வரிசைன்னு பெருமை அடிச்சுக்கிறாரு. எனக்குச் சோறு இறங்கல சார்."

"உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அவளா? ராத்திரியானா ஒரே அழுகை. கோச் கால்லயாவது விழுந்துட்டு வாங்கன்னு அவதான் அனுப்பிவச்சா."

மிரட்ட வந்தவன் என்று கோச் நினைத்திருந்தார்; அவன் கண்ணிலோ நீர் தளும்பியது.

கதவு தடதடத்தது. "கோச், உள்ளயா இருக்கீங்க? பசங்க எல்லாம் வரிசையா வந்து நிக்கிறாங்க." தலைவரின் குரல்.

மாப்பிள்ளை உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"ரெண்டே நிமிஷம், வந்துடறேன் தலைவரே."

"எங்க மாப்பிள்ளையை எங்கயாவது பார்த்தீங்களா?"

கோச் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சத்தமில்லாமல் மண்டியிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"உங்க ஒருத்தராலதான் முடியும் சார். நீங்க சொல்லிட்டா மாமா மறுபேச்சு பேச மாட்டாரு. என்னை எப்படியாவது எடுத்துருங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, அப்படித்தான் இருந்தது கோச்சின் நிலைமை. கதவுக்கு அந்தப் பக்கம் வேலை கொடுத்த மாமனார். இந்தப் பக்கம் கையை விடாமல் கண்ணீர் விடும் மருமகன். ஒரு வாரத்தில் இவனுக்குக் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட முடியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். முடியாது என்று உள்ளே ஒன்று சொன்னது. அது காதில் விழாதது போல இருந்துகொண்டார்.

"எழுந்திருங்க," என்று அவனைத் தூக்கி நிறுத்தினார். அப்படியே அவன் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தலைவரே, மாப்பிள்ளை இங்க என்கூடத்தான் இருக்காரு. அவரு டீம்ல இருக்காரு. முதல் வரிசை, நட்டநடு இடம். சீசன் முழுக்க அந்த இடம் அவருக்குத்தான்."

வெளியே விசில் பறந்தது. யாரோ ஹெல்மெட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க கோச்," என்று கதவுக்கு அந்தப் பக்கம் தலைவர் தழுதழுத்தார்.

கோச் சிரித்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சாவியை எடுக்கக் குனிந்தவன், விலாவைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"டீம்லேருந்து எடுங்கன்னுதான் சார் கெஞ்சினேன்."