முதலில் வரவேண்டிய முகம்

"முதல் காட்சி எடுபடல்லெண்டா முழுப்படமும் படுத்திரும் காக்கா," என்றார் வீடியோக்காரர் றமீஸ். "முதல்ல கடலைக் காட்டுவம். பிறகு பள்ளி மினாரா, பந்தல், சனம். மணப்பெண்ட முகத்தைக் கடைசியாத்தான் காட்டோணும். அப்பதான் பாக்கிற ஆக்களுக்கு ஒரு ஆவல் இருக்கும்."

மணப்பெண்ணின் தந்தை உதுமாலெவ்வை பந்தல்காலில் சாய்ந்து நின்றார். கலியாண வேலைகளை எல்லாம் ஒற்றை ஆளாக இழுத்ததில் அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

"வேணாம் தம்பி. தொடக்கத்திலேயே மகள்ட முகம் வரட்டும். கிட்ட நிண்டு நாலு வார்த்தை கதைக்கட்டும்."

"மணப்பெண் கதைக்கிறதா? கல்முனையே சிரிக்கும்! மகள் அழகுதான், அதுக்காக இப்பிடி அவசரப்படலாமா?"

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

"கடலையாவது முதல்ல போடுவமே. கொஞ்ச நேரம்தானே காக்கா."

"அந்தக் கொஞ்ச நேரம்தான் தம்பி அவக்குக் கிடைக்கும்."

"யாருக்கு?"

"இவள்ட உம்மாக்கு. இந்தச் சீதன வீட்டைக் கட்டத்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. கலியாணத்துக்கு லீவு குடுக்கல்ல. வீடியோ கசட்டை அனுப்பலாம், ஆனா அதைப் போட்டுப் பாக்கிற டெக் இருக்கிறது வேலை செய்யிற வீட்டு மேடம்ட அறையில. மேடம் குளிச்சிட்டு வாறதுக்குள்ள பாத்துட்டு நிப்பாட்டிரணும்."

றமீஸ் கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மணப்பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கிட்ட வா தங்கச்சி. 'உம்மா'ண்டு கூப்பிட்டுத் தொடங்கு."