கூப்பிய கை

நீதிபதி உள்ளே வந்ததும் கூண்டிலிருந்த என் தம்பி பால்துரை சட்டென்று கைகூப்பினான். முப்பது வயதாகியும் அவன் சட்டைக்கு நான்தான் பொத்தான் மாட்டிவிடுகிறேன். மரக்கடைக்குத் தீ வைத்ததாக அவன்மேல் வழக்கு. விசாரணையைப் புரிந்துகொள்ளும் புத்தி அவனுக்கு இருக்கிறதா என்று இன்று முடிவு செய்கிறார்களாம்.

“கோர்ட்டுக்கு மரியாதை கொடுக்கத் தெரியுதே, புத்தி இல்லாமலா?” என்றார் அரசு வக்கீல். நீதிபதி எழுதிக்கொண்டார்.

நான் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று கத்தினேன். “அவனுக்குக் கும்பிடவே தெரியாதுங்கய்யா! ஸ்டேஷன்ல நாலு நாள் அடிச்சுக் கத்துக்கொடுத்திருக்காங்க. வாசல்ல பேர் கூப்பிடுற டவாலிக்கும் கும்பிடுறான், டீ கொண்டாந்தவருக்கும் கும்பிடுறான். அவங்கல்லாம் ஜட்ஜா?”

“கைகூப்பி மன்னிப்புக் கேளும்மா. இல்லேன்னா உன்னையும் உள்ள வைக்கச் சொல்லிடுவேன்” என்றார் நீதிபதி.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பால்துரை கூண்டிலிருந்து எட்டி என் கைகளைப் பிடித்து இழுத்தான். பொத்தான் மாட்டத் தெரியாத அந்த விரல்கள் என் உள்ளங்கை இரண்டையும் பிசகாமல் சேர்த்து அழுத்தின.

“கும்பிடுக்கா” என்று கெஞ்சினான். “கும்பிட்டா அடிக்க மாட்டாங்க.”

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார்.