மேற்கே வெள்ளை, கிழக்கே சிவப்பு

“யாரு அறைஞ்சது, சொல்லும்மா. பயப்படாதே, நான் இருக்கேன்.”

தேகு நகரத்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த யோங்ஜா இப்படிக் கேட்டபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அவளுடைய அண்ணனும் வீட்டுப் பெரியவருமான க்வோன் பியோங்ஹோ, அவர் மனைவி மால்சுன், மகன் ஜேகியோங், வசந்தத்தில் மணமாகி வந்து முதல் சூசோக் அறுவடைப் பண்டிகையைப் பார்க்கும் மருமகள் தாஹே. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட வேறு யாரும் அங்கே இல்லை.

தாஹேயின் இரு கன்னங்களும் மிளகாய் விழுது தடவியதுபோல் சிவந்திருந்தன.

“யாரும் அடிக்கலை சின்னம்மா. ராத்திரி நான் பூசிக்கிற மருந்தால வந்தது.”

“என் மாமியார் அறைஞ்சப்ப நானும் ‘அடுப்பு அனல்’னுதான் சொன்னேன்.”

மால்சுன் துடைத்துக்கொண்டிருந்த பேரிக்காயைக் கீழே வைத்தாள். “நாத்தனாரே, இவ மேல நான் கை வச்சிருந்தா என் கை அழுகிப் போகட்டும்!”

“உங்களைச் சொன்னேனா அண்ணி? நீங்களா ஏன் முந்துறீங்க?” யோங்ஜா அண்ணன் பக்கம் திரும்பினாள். “மருமக முகம் இப்படி வெந்து கிடக்கு. நீ மட்டும் உரிச்ச முட்டை மாதிரி மின்னுற!”

“தினம் மலை ஏறுறேன்” என்றார் பியோங்ஹோ, முதுகை இன்னும் நிமிர்த்தி.

மறுநாள் காலை முன்னோர் படையலுக்குக் குலத்தார் அத்தனை பேரும் வருவார்கள். மருமகளை அடிக்கும் வீடு என்ற பேச்சு இன்று கிளம்பினால் அவர்கள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்? யோங்ஜாவின் வாய் இங்கே ஆண்டோங்கில் திறந்தால் தேகுவில் கேட்கும்.

“பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது. இங்கேயே விசாரிப்போம்” என்றார். “என்ன மருந்தும்மா அது?”

“நாலு சீசா மாமா. ஒரு தட்டுல இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு வச்சிருப்பேன். ஒரு ராத்திரி இடது பக்கம், அடுத்த ராத்திரி வலது பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. வெள்ளைதான் காரமானது. ஒரு வெள்ளை அமிலம், செத்த தோலை உரிக்கும். இன்னொரு வெள்ளை ரெட்டினால், புதுத் தோலை வரவைக்கும். அதுக்கு மேல சிவப்பு. அது ஜின்செங் களிம்பு, எரிச்சலை அடக்கும். ரெண்டு வெள்ளையும் ஒரே ராத்திரி சேரவே கூடாது.”

“ரெண்டு மாமியார் ஒரே அடுப்படியில சேர்ந்த மாதிரி” என்றாள் மால்சுன்.

“நேத்து கொழுக்கட்டை பிடிச்சுப் பிடிச்சுக் கண்ணு சொருகிடுச்சு. சின்னம்மா தூங்குறாங்களேன்னு விளக்கும் போடலை. இடது பக்கம் இருந்த ரெண்டையும் கைப்பழக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணா பூசிட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா, ரெண்டு வெள்ளையும் இடது பக்கமே நிக்குது! யாரோ மாத்தி வச்சிருக்காங்க.”

“என் வீட்டுலயா? பொம்பளைப் பிள்ளை பொருள்ல கை வைக்கிறவன் என் வீட்டுலயா?” பியோங்ஹோவின் மீசை துடித்தது. “ஜேகியோங்!”

“நான் சோப்பையே தினம் தொடுறதில்லப்பா.”

“அதுக்கு நான் சாட்சி மாமா” என்றாள் தாஹே. “ஆனா, அந்தச் சிவப்புக் களிம்பும் சீக்கிரமே தீர்ந்துபோகுது. மலைக்காத்துக்கு உலர்ந்துபோகுது போலன்னு விட்டுட்டேன்.”

“என்னைப் பார்க்காதீங்க, நான் நேத்துதான் வந்தேன்” என்றாள் யோங்ஜா.

பியோங்ஹோ சட்டென்று குறுக்கிட்டார். “களிம்பு கிடக்கட்டும். அந்தத் தட்டைக் கொண்டா.”

ஜேகியோங் தட்டை ஆடாமல் கொண்டுவந்து அப்பாவின் முன் வைத்தான். பியோங்ஹோ குனிந்து பார்த்தார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

“இதுல என்ன தப்பு? இடது மேற்கு, வலது கிழக்கு. மேற்கே வெள்ளை, கிழக்கே சிவப்பு. படையலுக்குப் பெரியவங்க வகுத்த முறை அப்படியே இருக்கு. வச்சவன் நல்ல வளர்ப்பு!”

முந்தைய நாள் முழுக்க, பேரிக்காய் மேற்கே, ஆப்பிள் கிழக்கே என்று வீட்டையே விரட்டி ஒத்திகை பார்த்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“என்னங்க,” என்றாள் மால்சுன் மெதுவாக, “செருப்பைக்கூட நிறம் பார்த்து வைக்கிற மனுஷன் இந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

பியோங்ஹோ இருமினார். கூரையைப் பார்த்தார். “முறையில்லாம நின்னுது. முறையா வச்சேன். அதுக்கு என்ன இப்போ?”

முதலில் சிரித்தவள் யோங்ஜாதான். தாஹேயும் சிரித்தாள். கன்னம் எரிந்ததால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் படையல் முடிந்ததும் பியோங்ஹோ குலத்தார் முன் எழுந்து நின்றார். “என் மருமக முகம் சிவந்ததுக்கு என் கைதான் காரணம். வேற யார் பேரையும் இழுக்க வேண்டாம்” என்றார். மனைவியின் பெயரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தார்.

இதைப் பாதி கேட்டவர்கள், மாமனாரே அறைந்துவிட்டார் என்று தேகு முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். பொய். கோபத்தில் சீசாக்களை வீசி எறிந்தார் என்பதும் பொய்.

விருந்தாளிகள் போனபிறகு அவர் மருமகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

“அந்தச் சிவப்புக் களிம்புல இனி எனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடும்மா. மருமக களிம்புல தினம் விரல் விடுறது நம்ம குலத்துக்கு அழகில்ல.”