மேலே போகாத நூல்

அந்த வரைபடம் இயங்கும் விதம் எளிது. சுவரின் உச்சியில் நிறுவனத்தின் ஐந்து இலக்குகள், அடியில் ஆலையில் நடக்கும் நூற்றுப் பன்னிரண்டு வேலைகள். ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒரு சிவப்பு நூல் புறப்பட்டு ஏதாவது ஓர் இலக்கின் ஆணியைத் தொட வேண்டும். தொடாத வேலை தேவையற்ற வேலை. நூற்றுப் பதினொரு நூல்களைக் கட்டி முடித்த ஆலோசகர் பவித்ரா, கடைசி நூலை விரலில் சுற்றியபடி அமலதாஸைப் பார்த்தார். மணிக்கொரு தடவை வாயுத் தொட்டிகளைச் சுற்றி வந்து, கசிவு உண்டா என்று காற்றை முகர்ந்து பார்ப்பது அமலதாஸின் வேலை.

“இதனால உற்பத்தி கூடுமாண்ணே?”

“கூடாதும்மா.”

“செலவு குறையுமா?”

“என் சம்பளமே செலவுதானே.”

“அப்ப உங்க வேலையால என்னதான் நடக்குது?”

“ஒண்ணும் நடக்காது. அதுக்குத்தான் நான்.”

“எனக்கும் அந்த வேலையைப் போட்டுக் குடுங்க மேடம்!” என்றாள் கூடி நின்ற தொழிலாளர்களில் பேக்கிங் செல்லக்கிளி. எல்லாரும் சிரித்தார்கள், அமலதாஸும்.

“பதினேழு வருஷத்துல எத்தனை கசிவு புடிச்சீங்க?” என்றார் பவித்ரா.

“ரெண்டு.”

பவித்ரா நிஜமாகவே வருந்தினார். ஐந்து ஆணிகளிலும் நூலை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தரித்தார். அந்த வாரத்தோடு அமலதாஸ் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, அவர் வழக்கமாக எழுந்து நடக்கும் நேரத்தில், செல்லக்கிளி கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்தாள். பக்கத்து மெஷின்காரனும் இழுத்தான். பிறகு வரிசை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூச்சை இழுத்தது. ஏதோ வாசனை இருந்தது. அது தினமும் இருப்பதா, புதிதா என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.